பட்டன் தேயாத பழைய டயரை மாற்ற வேண்டுமா? – 2007 பாக்ஸ்டரும் ஏற்காட்டு மலைப்பாதையும்

கேள்வி – 4 மே 2025

சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். 2007ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைச் சென்ற மாதம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 2.7 லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர், 18 அங்குல ரிம், முன்னால் 235/40, பின்னால் 265/40. டயர்கள் 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஆனால் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வருவதற்குத்தான் இந்த வண்டி. பட்டன் இருக்கும்போதே வயதைக் காரணம் காட்டி நான்கையும் மாற்றச் சொல்வது வெறும் வியாபாரம் என்று நான் நினைக்கிறேன். பின் டயர் அளவும் சேலத்தில் கிடைக்கவில்லை. ஒரு கடையில், 265/35 போட்டுக்கொள்ளுங்கள், அகலம் ஒன்றுதான் என்கிறார்கள். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

5 மே 2025

மாற்றிவிடுங்கள். நானும் 987 என்ற குறியீட்டுப் பெயருள்ள இதே பாக்ஸ்டர் வகையைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வீடு ஏற்காடு சாலையில் கோரிமேட்டில் இருப்பதால், வெளியே எடுத்தாலே மலைப்பாதைதான்.

பட்டனைப் பார்த்து முடிவு செய்வது தினமும் ஓடுகிற டாக்சிக்குப் பொருந்தும். அங்கே ரப்பருக்கு வயதாவதற்குள் டயர் தேய்ந்து முடிந்துவிடும். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஷெட்டில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரில் இது அப்படியே தலைகீழாகும். டயர் ரப்பரில் ஓசோனையும் ஆக்சிஜனையும் தடுப்பதற்கென்று மெழுகும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கிறார்கள். சக்கரம் சுழன்று ரப்பர் வளைந்து நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிகின்றன. ஓடாத வண்டியில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால்தான் குறைவாக ஓடிய வண்டியின் டயரில் பக்கச்சுவர் வெடிப்பு சீக்கிரம் வருகிறது. இதோடு ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தொடும் சேலத்து வெயிலையும், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தகரக் கூரையையும் சேர்த்துப் பாருங்கள். ரப்பர் மூப்படைவதை வெப்பம் வேகப்படுத்தும் என்பதில் டயர் தயாரிப்பவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

இது வியாபாரிகள் கட்டிய கதையும் அன்று. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்று போர்ஷே நிறுவனத்தின் உரிமையாளர் கையேடே சொல்கிறது. உங்களுடையது ஒன்பதாவது ஆண்டில் நிற்கிறது.

265/35 விஷயத்தில், அந்தக் கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. அகலம் ஒன்றுதான், உயரம் ஒன்றில்லை. 40, 35 என்பவை அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்று பொருள்படும். 265/40 ஆர்18 டயரின் மொத்த விட்டம் 669 மி.மீ. 265/35 ஆர்18 போட்டால் அது 643 மி.மீ. ஆகிவிடும். முன் டயரின் விட்டமோ 645. அதாவது பின் டயர் முன் டயரைவிடச் சிறியதாகிவிடும். இந்த வண்டிக்கு அப்படி ஓர் அமைப்பைத் தொழிற்சாலை ஒருபோதும் தந்ததில்லை. நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வண்டி வழுக்குகிறதா என்று முடிவெடுக்கிறது. அதனிடம் தவறான கணக்கைக் கொடுக்காதீர்கள்.

5 மே 2025, இரவு

வயதை எங்கே படிப்பது என்று ஆத்தூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் நீளமான குறியீடு ஒன்று வரும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அது உட்பக்கமாக அமைந்துவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் முன் டயரின் உட்புறத்தைப் பாருங்கள். பின் டயருக்கு வண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

7 மே 2025

265/40 கிடைக்காவிட்டால் 255/40 ஆர்18 போடலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

இந்த வண்டிக்குத் தொழிற்சாலையே மூன்று ரிம் அளவுகளைக் கொடுத்தது. 17 அங்குலத்தில் முன்னால் 205/55, பின்னால் 235/50. இதில் பின் டயரின் விட்டம் முன் டயரைவிட ஏறத்தாழ 1.4 சதவீதம் பெரியது. 18 அங்குலத்தில் இந்த வேறுபாடு 3.7 சதவீதம். 19 அங்குலத்தில் 235/35, 265/35 என்ற சோடி, வேறுபாடு 3.2 சதவீதம். பின்னால் 255/40 ஆர்18 போட்டால் விட்டம் 661 மி.மீ., வேறுபாடு 2.5 சதவீதம். தொழிற்சாலை ஏற்றுக்கொண்ட எல்லைக்குள்தான் விழுகிறது. 18 அங்குலப் பின் ரிம்மின் அகலம் 9 அங்குலம் என்பதால் 255 டயர் அதில் ஒழுங்காகவும் உட்காரும்.

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 97 என்றால் 730 கிலோ. 99 என்றால் 775. வேகக் குறியீடு ‘டபிள்யூ’ மணிக்கு 270 கி.மீ. வரை, ‘ஒய்’ 300 வரை. ஏற்காட்டு மலையில் யாரும் அந்த வேகத்தை நெருங்கப் போவதில்லை. ஆனால் உயர்ந்த வேகக் குறியீடு உள்ள டயர் வெப்பத்தைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்டது. தொப்பூர் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மதிய வெயிலில் ஓடும்போது அதன் பயன் தெரியும்.

19 மே 2025

255/40 பற்றி மேலே எழுதியதைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எண்கள் இடம் கொடுக்கின்றன, அவ்வளவுதான். எஞ்சின் நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் அமைந்த வண்டி இது. எடையின் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. பின் பிடிமானத்தை வேண்டுமென்றே கூடுதலாக வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பின் டயரின் அகலத்தைக் குறைத்து முன் டயரை அப்படியே விட்டால், மழையில் கொண்டை ஊசி வளைவின் நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கும்போது வால் பக்கம் வெளியே வர முந்திக்கொள்ளும். இத்தகைய வண்டி நழுவத் தொடங்கினால், அதைப் பிடித்து நிறுத்த முன் எஞ்சின் வண்டியில் கிடைக்கும் அவகாசம் கிடைக்காது. எனவே முன் டயருக்கு வாங்கும் அதே மாடலில் 265/40 வரும் வரைக்கும் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். 255 போட்டே தீர வேண்டுமென்றால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலக்கவே வேண்டாம்.

2 ஜூன் 2025

ஏன் இந்த அளவுகள் கிடைப்பதில்லை என்று பலர் ஆதங்கப்பட்டிருக்கிறீர்கள். நியாயமான ஆதங்கம்தான். நம் மாநிலத்திலேயே அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் என்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. மிச்செலின் அங்கே நெடுங்காலம் செய்துவந்தது லாரி, பேருந்து டயர்கள். 18 அங்குல ரிம்முக்கு 265/40 போன்ற அளவுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகு உரிமம் பெற்றவர்தான் கொண்டுவர முடியும். விற்பனை குறைந்த அளவுகளுக்காக யாரும் அந்த உரிமத்தைச் செலவழிக்க விரும்ப மாட்டார்கள். உள்ளூர்த் தொழிலைக் காப்பது அரசின் நோக்கம் என்பது புரிகிறது. இங்கே எவரும் செய்யாத அளவுக்கும் அதே பூட்டைப் போட்டதுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம்.

இதன் விளைவு, அரிய அளவுகள் கிடங்கிலேயே கிழடாகிவிடுகின்றன. புதிது என்று கொடுக்கப்படும் டயர் மூன்று நான்கு ஆண்டுப் பழையதாக இருப்பது சாதாரணம். எனக்கே ஒரு பெரிய கடையில், தொலைபேசியில் புதுச் சரக்கு என்று சொல்லி, நேரில் போனபோது நான்கு ஆண்டுக்கு முந்தைய டயரை எடுத்து வைத்தார்கள். முன்பணம் கொடுக்கும் முன் நான்கு டயர்களின் டாட் குறியையும் புகைப்படமாக அனுப்பச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு உட்பட்டதை வாங்குங்கள். ஒன்றரை ஆண்டு வரை நான் ஒத்துக்கொள்வேன். இந்தியாவில் விற்கும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாமல் குறைந்த விலைக்கு வருவதைத் தொடாதீர்கள்.

2 ஜூன் 2025, பிற்பகல்

‘என்’ குறி பற்றி: போர்ஷே தன் வண்டிகளில் சோதித்து ஒப்புதல் தந்த டயர்களின் பக்கச்சுவரில் என்0, என்1, என்2 என்று வார்த்திருப்பார்கள். எண் கூடினால் தரம் கூடுகிறது என்று பொருளன்று. அதே டயரின் அடுத்த திருத்தம் என்று பொருள். கிடைத்தால் மிக நல்லது. ஆனால் ஐந்தாண்டுப் பழைய என் குறி டயரா, இந்த ஆண்டில் செய்த, குறி இல்லாத நல்ல டயரா என்று வந்தால், நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஒப்புதல் கிடைத்தது அந்த ரப்பர் புதிதாக இருந்தபோது.

29 ஜூன் 2025

இன்று கேள்வி கேட்ட தம்பியின் வண்டியை நேரிலேயே பார்த்தேன். சங்ககிரி சாலையில் லாரி டயர் வேலையே பார்த்துப் பழகிய ஒரு பெரியவரின் பட்டறைக்கு இருவரும் போனோம். சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழில் நடக்கும் அளவுக்கு டயரைக் கையால் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். தாழ்வான வண்டி என்பதால் ஜாக்கியின் மேல் ரப்பர்க் கட்டை வைத்து, கதவுக்குக் கீழே அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் தூக்கினோம்.

பின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தவுடன் அவர் பட்டனைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும், உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் தடவினார். “வெளியில பார்த்து ஏமாந்துடாதீங்க தம்பி, உள்பக்கம் கைய விட்டுப் பாருங்க” என்றார். வெளி ஓரத்தில் நான்கு மி.மீ.க்கு மேல் பட்டன். நடுவிலும் குறையில்லை. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அதன் கடைக்கோடியில் ரப்பர் முழுவதும் போய், பழுப்பு நிற நூலுக்கு நடுவே கம்பியின் பளபளப்பு ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தது. பட்டன் வரிசையின் ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் இருந்தது. கையை உள்நோக்கி இழுத்தால் வழுக்குகிறது, வெளிநோக்கி இழுத்தால் அறுக்கிறது.

முக்கால்வாசி பட்டன் என்று கேள்வியில் எழுதியிருந்த அதே டயர்தான் இது. நின்றவாறு பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

30 ஜூன் 2025

நேற்றைய உள் ஓரத் தேய்மானத்தின் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை வண்டியில் பின் சக்கரங்கள் மேல் பகுதி உட்பக்கம் சாய்ந்தபடி நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையில் படிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, கேம்பர் என்பார்கள். அது மட்டும் இந்த அளவுக்குத் தின்னாது. கேம்பரோடு டோவும் கெட்டுப்போனால்தான் அறுக்கும் விளிம்பு வரும். டோ என்பது இரு சக்கரங்களும் முன்நோக்கிச் சேர்கின்றனவா, விரிகின்றனவா என்பது. கையை ஒரு திசையில் அறுத்து மறு திசையில் வழுக்கும் தேய்மானம் பெரும்பாலும் டோவைத்தான் காட்டிக் கொடுக்கிறது.

டோ ஏன் கெட்டது என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் முதுமை வருகிறது. சஸ்பென்ஷன் கரங்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கும் பதினெட்டு வயது. அவையும் ரப்பர்தான், அவற்றுக்கும் அதே வெயில்தான். வண்டி நிற்கும்போது அலைன்மென்ட் எந்திரம் பச்சை காட்டும். பிரேக் அடிக்கும்போதும் வளைவில் பாரம் ஏறும்போதும் தளர்ந்த புஷ் இடம் கொடுத்து, சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எந்திரத்தில் சரியாகக் காட்டியும் டயர் தேய்கிறது என்று புலம்புவோர் அனைவரும் கடப்பாரையை வைத்து நெம்பி ஒவ்வொரு புஷ்ஷையும் பார்க்கட்டும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் புஷ்களும் பந்து மூட்டுகளும் ஷாக் அப்சார்பர்களும். அடுத்து புது டயர். கடைசியில் நான்கு சக்கர அலைன்மென்ட். முன் சக்கரங்களுக்கு மட்டும் பார்த்துவிட்டுப் பில் போடும் கடைகளை விட்டு விலகுங்கள். இந்த வண்டியின் நோய் பின்னால் இருக்கிறது.

13 ஜூலை 2025

கீழே சேலத்தில் வெயில், மேலே ஏற்காட்டில் குளிர். காற்றை எங்கே அடிப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. ஏற்காட்டில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேவையில்லை, காரணம் இதோ.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. நம் மானி காட்டுவது டயருக்கு உள்ளேயுள்ள அழுத்தத்துக்கும் வெளியேயுள்ளதற்கும் இடையிலான வேறுபாடு. எனவே ஏறும்போது மானி 2 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அதே நேரம் மேலே 15 டிகிரி குளிர்ச்சி என்றால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ. வரை குறையும். இரண்டும் ஏறக்குறைய கழிந்துவிடுகின்றன. காலையில் வீட்டில், வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் கையேட்டில் உள்ள அளவுக்கு அடியுங்கள். மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டாம். மலை ஏறி இறங்கிய சூட்டோடு மானியை வைத்து, கூடிவிட்டது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்த வண்டியில் முன்னால் குறைவு, பின்னால் அதிகம். பெட்ரோல் பங்கில் நான்குக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு மானியும் சிறிய கம்ப்ரசரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் குறித்து: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரமில்லாத காற்று என்பது மட்டுமே அதில் கிடைக்கும் லாபம். அடிப்பதில் தவறில்லை, அது இருக்கிறது என்று மாதாந்திரச் சோதனையைக் கைவிடுவது தவறு.

3 ஆகஸ்ட் 2025

டயரைப் பற்றிய இழையில் பிரேக் ஆயிலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. புது டயர் போட்டதும் வண்டி வளைவுகளில் நன்றாக நிற்கிறது. ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டுகிறார். இறங்கும்போது பிரேக்குக்கு வேலை கூடுகிறது. பழைய வண்டியில் அந்தக் கூடுதல் வேலையைச் செய்யப்போவது, எப்போது மாற்றினார்கள் என்று யாருக்குமே தெரியாத பிரேக் ஆயில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகைக்குப் (டயரின் டாட் குறியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர வரையறை. ஈரம் ஏறிய நிலையில் அதே வரையறை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிரேக். பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டால், பெடலை மிதிக்கும்போது குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. நியூட்ரலில் இறங்குவதை நினைக்கவே வேண்டாம். இரண்டாவது கியரில் எஞ்சின் தடுக்கட்டும்.

தம்பியின் வண்டியில் ஆயில் மாற்றியபோது நான் அருகிலேயே நின்றேன். நிறமற்ற குழாயை நிப்பிளில் மாட்டி, அடியில் கண்ணாடிப் புட்டி. பின் வலது சக்கரத்தில் முதலில் வந்தது ஆறிப்போன டிகாக்‌ஷன் போன்ற கருப்பு. பெடலை மீண்டும் மீண்டும் மிதிக்க மிதிக்கச் சிறுசிறு கொப்புளங்களோடு ஓடியது. பிறகு குழாய்க்குள் ஒரு கோடு தெரிந்தது, அதற்குப் பின்னால் இளமஞ்சளாகப் புது ஆயில். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிப்பிளை மூடினோம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றுங்கள்.

4 ஆகஸ்ட் 2025

எஞ்சினைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார் ஒரு வாசகர். சுருக்கமாக: 2006 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்ற உதவும் இடைத்தண்டின் பேரிங்கை, எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது, 2009 முதல் வந்த எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. நம் கையில் இருப்பது, ஆயிலைக் கி.மீ. கணக்கை எதிர்பாராமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதும், கழற்றிய ஃபில்டரின் மடிப்புகளை விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று வெயிலில் பார்ப்பதும்தான். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து வண்டிகள் 10 சதவீதத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெட்ரோல் குழாய்களை ஆண்டுக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ரப்பர் உப்பியிருந்தாலோ, காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தாலோ, அன்றே மாற்றுங்கள்.

21 செப்டம்பர் 2025

தம்பிக்கு 265/40 கிடைத்துவிட்டது. முன் டயரும் அதே மாடல், நான்குமே இந்த ஆண்டுத் தயாரிப்பு. மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருந்தது வீண்போகவில்லை. பின் அச்சின் புஷ்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன.

மாட்டும்போது நான் வலியுறுத்தியவை: வால்வுகளையும் புதிதாக மாற்றுவது, ஏனென்றால் அவையும் பழைய ரப்பர், டயரின் வெளிப்பக்கம் என்று அச்சிட்ட பக்கம் வெளியே வருவது, போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்காமல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 130 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது. அலுமினிய ரிம்மில் காற்றுத் துப்பாக்கியை வைத்து முழு வேகத்தில் இறுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஐம்பது கி.மீ. ஓடிய பிறகு மீண்டும் ஒரு முறை ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும்.

புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு மிச்சம் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கி.மீ.க்கு அவசரம் வேண்டாம். அரூர் சாலையிலோ ஆத்தூர் சாலையிலோ ஓட்டித் தேய்த்த பிறகு மலைக்குப் போங்கள்.

26 அக்டோபர் 2025

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. குப்பனூர் வழியாக ஏறலாமா என்று கேட்டவருக்கு: அந்தப் பாதை அடிவாரப் பாதையைவிடக் குறுகலானது, செங்குத்தானது, மழைக்காலத்தில் மண்ணும் சரளையும் வளைவுக்குள் வந்து கிடக்கும். அகலமான டயருக்கு ஈரத்தில் ஒரு பலவீனம் உண்டு: அதே எடை கூடுதலான பரப்பில் பரவுவதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொட அது கஷ்டப்படும். ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள லேசான வண்டிக்கு 265 டயர் என்றால் இந்தப் பலவீனம் மேலும் கூடும். சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் போதும், மழைக்காலத்தில் 3 மி.மீ.க்குக் கீழே போனால் நான் மலைக்கு எடுப்பதில்லை.

மழையோடு இலையும் வரும். காப்பித் தோட்ட நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் இலை இரண்டு இடங்களில் போய் அடைகிறது. ஒன்று, முன் பம்பரின் இரு வாய்களுக்குள், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில். அடிவாரத்துப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கப் புழுதியும் அதில் கலந்து கெட்டியாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை பம்பரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மற்றொன்று, துணிக்கூரை மடிந்து இறங்கும் இடத்திலுள்ள வடிகால் துளைகள். அவை அடைத்தால் தண்ணீர் உள்ளே கம்பளத்துக்கு அடியில் இறங்கும். மின்னணுக் கருவிகளும் வயர்களும் அங்கேதான் போகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் நூலை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும்.

27 அக்டோபர் 2025

ஆணி ஏறினால் என்ன செய்வது? 18 அங்குல ரிம்மோடு வந்த வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, ஓட்டையை அடைக்கும் திரவமும் கம்ப்ரசரும்தான். பட்டன் பகுதியில் சிறு ஆணி என்றால், வெளியிலிருந்து திரியைச் செருகி வீடு வரைக்கும் வந்துவிடலாம். பிறகு டயரைக் கழற்றி உட்புறத்திலிருந்து மஷ்ரூம் ஒட்டுப் போட வேண்டும். வேகமாக ஓட்டும் வண்டியில் திரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ துளை விழுந்தால் ஒட்டே வேண்டாம், டயரை மாற்றுங்கள். விலை அதிகம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

16 நவம்பர் 2025

அலைன்மென்ட் முடிந்து மலை ஏறி இறங்கிய பிறகு தம்பி எழுதியிருக்கிறார். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதில்லை, பின் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த முனகல் நின்றுவிட்டது என்கிறார். முனகல் வீல் பேரிங் என்று ஒரு பட்டறையில் சொல்லி, பெரிய தொகை கேட்டார்களாம். அறுக்கும் விளிம்பு வந்த டயர் அதே சத்தத்தைத்தான் தரும். ஆகவே பேரிங்கைக் கழற்றும் முன், முன் டயர்களின் உள் ஓரத்தையும் பின் டயர்களின் உள் ஓரத்தையும் கையால் தடவிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அளவுகள் வேறாக இருப்பதால் இந்த வண்டியில் முன்பின் மாற்றிப் போட்டுச் சத்தத்தைச் சோதிக்க வழியில்லை.

வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் காற்றைச் சில பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள், அதே இடத்தில் பாரம் அழுத்தி டயர் தட்டையாவது குறையும். வாரம் ஒரு முறை எஞ்சினை மட்டும் ஓட விட்டு அணைப்பதால் டயருக்கும் பயனில்லை, ஆயிலுக்கும் கேடு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கருப்பூர் வரைக்கும் போய், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் அளவுக்கு ஓட்டிவிட்டு வாருங்கள்.

17 நவம்பர் 2025

கழற்றிய பழைய டயர்களை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார், நல்ல விலை தருகிறார், கொடுக்கலாமா என்று தம்பி கேட்கிறார். கொடுக்காதீர்கள். அந்த 265/40, வெளிப்பக்கத்துப் பட்டனைக் காட்டி இன்னொரு பழைய காரில் ஏறி, அதே மலைப்பாதையில் உங்களுக்கு எதிரே வரும். முன் டயர்கள் இரண்டும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அவற்றுக்கும் அதே ஒன்பது வயதுதான். நான்கின் பக்கச்சுவரையும் பட்டறைப் பெரியவரிடம் கொடுத்து அறுத்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகு மறுசுழற்சிக்கு எடுப்பவர் எடுத்துக்கொள்ளட்டும்.